தவளைக்கல்லுக்கு அடியில் ஒரு வகுப்பு

ஐப்பசி மாதத்தின் முதல் சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு வேலூரிலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறியது. ஆற்றின் நடுவே ஒல்லியாக ஒரு நீரோட்டம். மற்ற இடமெல்லாம் மணலும் நாணலும் சீமைக்கருவேலமும். இந்தப் பாலத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். மணல் எங்கே போகிறது என்று பல செய்திகள் எழுதியிருக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்றைய பயணம் அதைப் பற்றியது.

ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையில் மலையடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே எஸ்தர் என்ற ஆசிரியை, பாறைகள் எப்படிச் சிதைகின்றன என்று ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினார். அதைக் கேட்டுவிட்டுப் போன ஒரு மாணவியின் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. எஸ்தர் என் மனைவியோடு கல்லூரியில் படித்தவர். போனில் பேசும்போது சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் சிரிப்பு இல்லை. "நான் பாட்டுக்குப் பாடம் நடத்தினேன் சார். ஒரு குடும்பமே வீட்ட விட்டு வெளிய வந்து படுக்குது. சனிக்கிழமை பசங்கள அந்த எடத்துக்கே கூட்டிட்டுப் போறேன். வந்து பாருங்க."

காட்பாடியில் ஆம்பூருக்கு டிக்கெட் எடுத்தேன். பயணிகள் ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். குடியாத்தத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண்கள் கூட்டம் ஏறியது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மேல்பட்டியைத் தாண்டியதும் இருபுறமும் குன்றுகள் நெருங்கின. யாரோ கூடையிலிருந்து கொட்டிவிட்டுப் போனது போல உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்து எதிரில் இருந்த பெண் கேட்டார்.

"இன்னா சார் அப்படிப் பாக்குறீங்க? கல்லுதானே."

கல்லைப் பார்க்கத்தான் போகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் அதைச் சொல்ல, அவரும் சிரித்தார். பிறகு பேச்சு அவர் வேலைக்குத் திரும்பியது. கட்டிங் செக்‌ஷன். தோல் மேசைக்கு வந்ததும் முதல் வேலை பழுதைத் தேடுவது. முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளி நிற மைப் பேனாவால் வட்டமிட வேண்டும். அந்த இடங்களை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்கள். "நல்ல எடத்தப் பாக்கவே மாட்டோம் சார். பழுது எங்கன்னுதான் கண்ணு போகும். வீட்ல புடவை எடுத்தாலும் அதே புத்தி" என்றார்.

ஆம்பூரில் இறங்கும்போது எட்டரை மணி ஆகியிருந்தது. தோல் பதனிடும் டேனரிகளின் வாடை ஸ்டேஷனிலேயே தொடங்கிவிடுகிறது. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த அந்த வாடை பத்து நிமிடத்தில் மூக்குக்குப் பழகிவிடும். பேரணாம்பட்டு பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதும், அங்கே யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். "இன்னிக்கு லீவாச்சே" என்று சந்தேகமாகப் பார்த்துவிட்டு, இருபது ரூபாய்க்குச் சீட்டு கிழித்தார். நிறுத்தத்திலிருந்து பள்ளி அரை கிலோமீட்டர். ஸ்கூட்டரில் காத்திருந்த எஸ்தர் காலடியில் ஒரு தண்ணீர் கேனையும், பின் சீட்டில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளையும் வைத்திருந்தார். ஒரு தட்டில் வெறும் மண். இன்னொன்றில் வேரோடு பெயர்த்து வைத்த புல். எனக்கு உட்கார இடமில்லை. அவர் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வர, நான் கூடவே நடந்தேன். போகும் வழியில் கதையைச் சொன்னார்.

பாறைச் சிதைவு மூன்று விதம். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பாறை விரிசல் விடும். மழைநீர் பாறையில் உள்ள சில கனிமங்களைக் களிமண்ணாக மாற்றிவிடும். செடி கொடிகளின் வேர் விரிசலுக்குள் புகுந்து பருத்துப் பாறையைப் பிளக்கும். மூன்றாவதற்கு எஸ்தர் வகுப்பில் தன் போனில் ஒரு படம் காட்டினார். பாறையை இறுக்கிப் பிடித்த அரச மர வேர். அப்போது பவித்ரா என்ற அந்த மாணவி எழுந்து, "எங்க வீட்டுக்கு மேல இருக்கிறது இதேதான் மிஸ்" என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. புத்தகத்தில் இருப்பதை ஒரு பிள்ளை தன் வீட்டுப் பின்புறத்தில் கண்டுபிடித்தால் ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? எஸ்தர் பாராட்டி உட்கார வைத்தார்.

அந்த வாரத்தோடு பாடம் நின்றது. காலாண்டுத் தேர்வு வந்தது, விடுமுறை வந்தது, அவருக்கே ஒரு பயிற்சி வகுப்பு வந்தது. இதற்குள் பவித்ரா பாயை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்துவிட்டாள். பாறை உடைந்து விழும் என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பவில்லை. மறுநாள் மாடிப்படி போன்ற சரிவில் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வேரைக் காட்டினாள். அதன் பிறகு அம்மாவும் முன்வாசலுக்கு வந்துவிட்டார். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நண்பர்களோடு ஏறி மரத்தை வெட்டினார். அன்றிரவு எல்லோரும் உள்ளே படுத்தார்கள்.

மழை தொடங்கிய வாரத்தில் அந்த வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. கொட்டைப்பாக்கு அளவு, பிறகு எலுமிச்சை அளவு. பாய்கள் மறுபடி முன்வாசலுக்கு வந்தன. பவித்ராவின் அம்மா எஸ்தரைப் போனில் கூப்பிட்டார். மரத்தை வெட்டிய பிறகு கல் ஜாஸ்தியாகிவிட்டது, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். வேறு வழியில்லை என்றால் ஆம்பூரில் தான் வேலை செய்யும் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்திருப்பதாகவும், போனால் பவித்ராவை அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். திங்கட்கிழமைக்குள் ரூம்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"மரத்த வெட்டச் சொல்லி நான் சொல்லவே இல்ல சார்" என்றார் எஸ்தர். "ஆனா வெட்ட வேணாம்னும் சொல்லல."

பள்ளி வாசலில் பதினெட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். பவித்ரா யார் என்று ஒருவரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைச் சடை, நெற்றியில் சின்னச் சுருக்கம், கையில் ஒரு மர அளவுகோல்.

பத்து மணிக்கு ஊரின் கடைசித் தெருவைத் தாண்டினோம். ஊரார் தவளைக்கல் என்று சொல்லும் பாறை அங்கிருந்தே தெரிகிறது. இரண்டு மாடி உயரம், குந்தி உட்கார்ந்த தவளையின் வடிவம். முதுகுப் பக்கம் அகன்ற தட்டைப் பாறையின் மேல் சாய்ந்திருக்கிறது. முகம் சரிவை நோக்கி நீண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே, கல்லெறி தூரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு. பின்பக்கச் சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. கையில் காசு சேரச் சேரக் கட்டிய வீடு என்பது பார்த்தாலே தெரிந்தது.

பவித்ராவின் அப்பா சேகர் ஒரு தோல் தொழிற்சாலையில், தோல்களைப் போட்டுச் சுழற்றும் டிரம் பிரிவில் வேலை செய்கிறார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மா ரேவதி, ரயிலில் நான் சந்தித்த பெண்ணைப் போலவே ஒரு கம்பெனியின் கட்டிங் பிரிவில் இருப்பவர். அன்று லீவு போட்டிருந்தார். டீ கொடுத்தார். கூரையில் விழுந்த கற்களை ஒரு முறத்தில் சேர்த்து வைத்திருந்ததையும் கொண்டுவந்து எஸ்தர் முன் வைத்தார். அரிசியில் கல் பொறுக்கிக் காட்டுவது போல இருந்தது அது.

எஸ்தர் பிள்ளைகளைப் பாறைக்குக் கீழே போக விடவில்லை. பக்கவாட்டில் நீண்டிருந்த அதே தட்டைப் பாறையின் மேல் ஏற்றி நிறுத்தினார். முதலில் காலடியில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பாறையின் மேல்தோல் விரல் தடிமனில் அடுக்கடுக்காகப் பெயர்ந்திருந்தது. ஒருத்தி வெங்காயம் என்றாள். பின்வரிசையில் ஒருவன், "தோல் உரியுது மிஸ். இது ரிஜெக்ட்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தினமும் காதில் விழுகிற சொல் அது. எஸ்தர் கோபிக்கவில்லை. உரிந்த துண்டை எடுத்து நசுக்கச் சொன்னார். அது உள்ளங்கையில் குருணையாக உதிர்ந்தது. பளபளக்கும் துகள் ஒன்று, மாவு போன்ற வெள்ளைத் துகள் ஒன்று, கண்ணாடி போலக் கடினமான துகள் ஒன்று. கண்ணாடித் துகள்தான் கடைசிவரை தாக்குப்பிடித்து ஆற்றுக்குப் போய்ச் சேரும் என்றார். காலையில் பாலத்தின் மேலிருந்து பார்த்த மணலின் ஊர் இதுதான். நானும் ஒரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"இதுவரைக்கும் சொன்னது சிதைவு" என்றார் எஸ்தர். "பாறை இருக்கிற எடத்துலயே ஒடையுது. எங்கயும் போகல. போனா அதுக்கு வேற பேரு. அரிப்பு."

அரிப்புக்குப் போவதற்கு முன் மேலே வெட்டிய மரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தட்டைப் பாறையின் உச்சியிலிருந்து அது தெரிந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து செம்பு நிறத்தில் ஏழெட்டு இலைகள் துளிர்த்திருந்தன. தவளைக்கல்லின் விரிசலுக்குள் வேர் அப்படியே இருந்தது. சேகரின் முகம் வாடியது. மூன்று பேர் ஒரு பகல் முழுவதும் செய்த வேலை.

"அப்போ இதனாலதான் இன்னும் கல்லு வருதா மிஸ்?" என்று கேட்டார் ரேவதி.

எஸ்தர், அவர் கையோடு கொண்டுவந்திருந்த முறத்தை வாங்கிக் கீழே வைத்தார். முறத்திலிருந்த கல் ஒன்றை எடுத்து, காலடியில் உரிந்து கிடந்த துண்டோடு சேர்த்துப் பார்த்தார். பாறைத் துண்டு தட்டையாக, விளிம்பு கூராக இருந்தது. முறத்துக் கல் உருண்டையாக, ஒருபக்கம் செம்மண் ஒட்டியிருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்தார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

இரண்டு தட்டுகளையும் ஒரே சாய்வில் கல்லை முட்டுக்கொடுத்து வைத்தார்கள். இரண்டிலும் மண்ணுக்குள் கூழாங்கற்களைப் புதைத்திருந்தார் எஸ்தர். பவித்ராவும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். புல் இருந்த தட்டின் அடியில் தேநீர் நிறத்தில் கொஞ்சம் நீர் வடிந்தது. பவித்ராவின் தட்டில் வெறும் மண்தான். அதில் முதலில் ஒரு கோடு விழுந்தது, கோடு ஓடையானது, ஓடை சிவப்பாக ஓடியது. புதைத்திருந்த கூழாங்கல் ஒன்று வெளியே தலைகாட்டி, ஆடி, உருண்டு, தட்டைத் தாண்டி விழுந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பவித்ரா சொம்பைக் கீழே வைக்கவில்லை. விழுந்த கூழாங்கல்லைப் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தவளைக்கல்லின் முகத்துக்கு அடியில் இருந்த சரிவைப் பார்த்தாள்.

நாங்களும் பார்த்தோம். காலையிலிருந்து எல்லோர் கண்ணும் மேலே மரத்தின் மேல்தான் இருந்தது. சரிவு மொட்டையாக இருந்தது. பக்கத்துச் சரிவுகளிலெல்லாம் உன்னிச்செடியும் கற்றாழையும் கோரையும் மண்டிக்கிடக்க, இங்கே மட்டும் ஒரு செடி இல்லை. அதன் நடுவில், தட்டில் விழுந்த அதே கோடு. முழங்கை ஆழத்துக்கு மழை வெட்டிய ஓடை, பாறையின் முகவாய்க்கு அடியில் தொடங்கி வீட்டின் பின்சுவருக்கு வந்து முடிந்தது.

"ப்பா, இங்க இருந்த செடியெல்லாம் எங்க?"

"மரம் வெட்டினன்னிக்கே சுத்தமா புடுங்கிட்டோமே" என்றார் சேகர். நல்ல வேலை செய்தவரின் குரலில்தான் சொன்னார். "நீதானே பாப்பா சொன்ன? செடி வேரு கல்லை ஒடைக்கும்னு. ஒண்ணு விடாம எடுத்தோம்."

பவித்ரா திரும்பி எஸ்தரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிற பார்வை.

"அவ சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் எஸ்தர். "நான் பாதிதான் சொன்னேன். வேரு கல்லை ஒடைக்கும், மண்ணைப் புடிச்சும் வைக்கும். ரெண்டாவது பாடம் தேர்வுக்கு அப்புறம்னு வெச்சிட்டேன்."

சேகர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரேவதி கணவரை ஒரு முறை பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன், அந்தக் கத்தாழ பாட்டுக்கு இருக்கட்டும்னு. கேட்டியா?" என்றார். சேகர், பாம்பு வருதுன்னு கத்தினது யாரு என்று திருப்பிக் கேட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அங்கே எல்லோருக்கும் தேவைப்பட்டது.

இனி பாறை என்ன ஆகும் என்ற கேள்வி மிச்சமிருந்தது. எஸ்தர், தான் டீச்சர்தான், இன்ஜினியர் இல்லை என்றார். செய்தி வேலையில் எனக்குப் பழக்கமான நிலவியல் பேராசிரியர் ஒருவர் வேலூரில் இருக்கிறார். அவருக்குப் பல கோணங்களில் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். முதுகுப்பக்கம் பாறைமேல் பாறை உட்கார்ந்திருப்பது நல்லது, முன்பக்கம் மண் போவது நல்லதல்ல, படத்தை வைத்து அதற்குமேல் சொல்ல முடியாது, நேரில் வர வேண்டும் என்றார். மழைக்காலம் முடியும்வரை அந்த வீட்டில் யாரும் படுக்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். கிராம நிர்வாக அலுவலருக்கு எஸ்தர் போன் செய்தார். திங்கட்கிழமை வருவதாகப் பதில் வந்தது.

தெருவின் மறுகோடியில் சேகரின் அண்ணன் வீடு இருக்கிறது. மழை முடியும்வரை அங்கே ஒண்டிக்கொள்ளலாம் என்றார் சேகர். அண்ணியோடு ஒத்துப்போகாது, பெரிய பேஜார் என்றார் ரேவதி. ஆம்பூர் ரூம் என்றால் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. பவித்ரா நடுவில் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளியைப் பற்றி அவள் கேட்காத கேள்வி எல்லோருக்கும் கேட்டது. ரேவதி அவளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம்தானே. பல்லைக் கடிச்சிக்கிட்டு இருப்போம்" என்றார்.

ஓடைக்குக் குறுக்கே தடுப்புப் போடும் யோசனையைப் பேராசிரியர் ஒப்புக்கொண்டிருந்தார், பாறையின் முகத்துக்கு அடியில் யாரும் நிற்காமல், கீழ்ப்பகுதியில் மட்டும். வீட்டுப் பக்கவாட்டில் காலிச் சாக்குகளின் கட்டு ஒன்று இருந்தது. பதனிடாத பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு வந்த சாக்குகள், தொழிற்சாலையில் சும்மா கிடைப்பவை. மண் நிரப்பி அடுக்கலாம் என்று சேகர் எடுத்து வந்தார். பவித்ரா ஒரு சாக்கைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இது வேணாம்ப்பா. உப்பு எறங்குனா புல்லு மொளைக்காது."

"இன்னா பாப்பா, இது எப்போ சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. டேனரி ஓரத்துல புல்லே இல்லையே, பாத்ததில்லயா?"

சேகர் சாக்குகளைத் திரும்பக் கட்டிவைத்துவிட்டு, பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் சிமெண்டுச் சாக்கு கேட்டு வாங்கி வந்தார். பெரியவர்கள் நிரப்பினார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று கல் கடத்தினார்கள். பக்கத்துச் சரிவிலிருந்து கற்றாழைக் கன்றுகள் வந்தன. ஒரு மாதத்துக்கு முன் சேகரே பிடுங்கி எறிந்த வகைதான். முள் குத்தும்போதெல்லாம் சேகர் அதையே முணுமுணுத்தார்.

கிளம்பும் நேரத்தில் ரேவதி வீட்டுக்குள் போய்க் கைப்பையோடு வந்தார். உள்ளேயிருந்து வெள்ளி நிற மைப் பேனாவை எடுத்தார். தவளைக்கல்லின் முதுகு தட்டைப் பாறையைத் தொடும் இடம், பக்கவாட்டிலிருந்து கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. மேல் கல்லிலிருந்து கீழ்ப் பாறைக்கு, இடுக்கைத் தாண்டி ஒரே நேர்க்கோடு இழுத்தார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. தோலில் பழுதைச் சுற்றி வளைக்கிற கை, நடுங்காமல் இழுத்தது. பாறை நகர்ந்தால் கோடு முறியும். பாறை நனைந்தால் மை நிற்குமா என்று ஒரு பையன் கேட்டான். ஷூவுல போட்டா தொடைக்கிறதுக்குத்தான் உயிர் போகும் என்றார் ரேவதி.

நாலரை மணிக்குப் பஸ் ஏறினேன். ஆம்பூரில் ரயில் வரும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது. குடியாத்தம் தாண்டுவதற்குள் ஜன்னல்களை இறக்கிவிட்டார்கள். அன்றிரவு வேலூரிலும் நல்ல மழை. எங்கள் தெருவும் ஒரு பாறைக் குன்றின் அடியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் பின்பக்கச் சரிவில் உள்ள புதரை ஆள் வைத்துச் சுத்தமாக வெட்டிவிடுவோம், பார்க்க அழகாக இருக்கும் என்று. அந்த ஆள் மறுநாள் காலை அரிவாளோடு வந்தார். சரிவை விட்டுவிட்டுப் பாதையை மட்டும் வெட்டச் சொன்னேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திங்கட்கிழமை மாலை எஸ்தர் போனில் கூப்பிட்டார். கோடு இரண்டும் முறியவில்லை. சாக்குத் தடுப்புக்குப் பின்னால் ஒரு சாண் செம்மண் தேங்கியிருந்தது. தடுப்பு இல்லையென்றால் அவ்வளவும் பின்சுவருக்கு வந்திருக்கும். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். பேராசிரியர் மழை விட்டதும் வருவார். அதுவரை வீடு பூட்டியிருக்கும். ரேவதி ஆம்பூர் ரூம்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணியோடு முதல் சண்டை ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது, குழம்பில் உப்பு விஷயமாக.

அன்று வகுப்பில் எஸ்தர் அரிப்பு என்று கரும்பலகையில் எழுதி, மிச்சப் பாடத்தை நடத்தி முடித்தார். மணி அடித்தது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பவித்ரா மட்டும் எழுந்திருக்காமல் கையைத் தூக்கினாள்.

"மிஸ், இதோட முடிஞ்சுதா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா? வீட்ல சொல்லணும்."

இன்னும் ஒன்று இருக்கிறது என்றார் எஸ்தர். அரித்துக்கொண்டு போனது எங்கே போய்த் தங்கும் என்ற பாடம். நாளைக்கு முதல் பீரியடே நடத்திவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

"அதுவரைக்கும் உங்கப்பாவ எதையும் தொட வேணாம்னு சொல்லு."